ஐந்து கந்தக ஊசிகள்

அத்தியாயம் 4

"காதுல இருக்கற தோட்டக் கழட்டிப் பையில போடு, நூனிக்" என்றார் வீர்யோ.

"ஏன் பாக், எரிமலைக்குள்ள திருடன் வருவானா?"

"திருடன் தேவலை."

பாக் என்றால் எங்கள் பக்கத்தில் ஐயா. ஐயா சொல்லியும் நான் கழற்றவில்லை. போன வாரம் வாங்கிய வெள்ளித் தோடு. சுரபாயாவிலிருந்து ஏழு மணி நேரம் ஜீப்பில் குலுங்கி வந்தவளுக்கு அதைக் காட்டிக்கொள்ள ஓர் ஆளாவது வேண்டாமா? கெம்புலான் மலையின் விளிம்பில் எண்பது ஆண்கள் குந்தியிருந்தார்கள். ஒருத்தர்கூட என் காதைப் பார்க்கவில்லை. எல்லோரும் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை பேரும் கந்தகம் சுமப்பவர்கள். ஐந்து நாளாக ஒருவரும் கூடையைத் தொடவில்லை. அவர்களில் ஒருவனான மிஸ்னாடி திங்கட்கிழமை காலையில் உள்ளே இறங்கினான், மேலே வரவில்லை. மலை ஓர் ஆளை எடுத்துக்கொண்டதா இல்லையா என்று தெரியாமல் இங்கே யாரும் அடுத்த சுமையைத் தூக்க மாட்டார்கள். சுரங்க ஒப்பந்தக்காரர் பிரஸ்தோவோ கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், கடைசியில் எங்களுக்கு ஆள் அனுப்பினார்.

"ஏரியில விழுந்தானா, இல்லையா? அத மட்டும் சொல்லிடுங்க பாக் வீர்யோ. நீங்க சொன்னா இவங்க நம்புவாங்க. மிஸ்னாடி எனக்குத் தம்பி மாதிரி" என்று நேற்று வந்திறங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

நம்புவார்கள் என்பது வாஸ்தவம். இருபத்திரண்டு வருடத் துப்பறியும் தொழிலில் வீர்யோ ஒரு முடிவைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. இதை யாரும் சொல்லாவிட்டால் அவரே சொல்வார். கல்லூரியில் பாறையியல் படித்துப் பாதியில் விட்டவர், ஆனால் பாறை அவரை விடவில்லை. ஜீப் ஓட்டுவதும், சோறு கட்டி வாங்குவதும், அவருடைய மேதாவித்தனத்தில் அவ்வப்போது கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிடுவதும் என் வேலை.

மேஸ்திரி ஜாய்ரன் தோளில் கடப்பாரையோடு முன்னால் இறங்கினான். உள்ளே போகவும் வரவும் அந்த ஒரே பாதைதான். அரை மணி நேர இறக்கம். கீழே போகப் போகத் தொண்டையில் அழுகிய முட்டையும் தீக்குச்சியும் கலந்த ஒரு நெடி உட்கார்ந்துகொண்டது.

ஆவி வரும் வெடிப்புகளில் செருகிய குழாய்களிலிருந்து உருகிய கந்தகம் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும்போது சிவப்பு, தரையில் ஆறியதும் மஞ்சள். அள்ள ஆளில்லாமல் குவிந்து கிடந்தது. ஐந்தாவது குழாயில் வடிந்தது மட்டும் சிவப்பாக இல்லை, பழுப்பேறிப்போன ரத்தத்தின் நிறத்தில் இருந்தது.

வீர்யோ அங்கே நின்றார். "இது எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான்" என்றான் ஜாய்ரன், திரும்பிப் பார்க்காமலே.

எனக்கு ஏனோ அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. காலுக்கடியில் தரை லேசாக உறுமியது. பசித்த வயிற்றின் சத்தம்தான், ஆனால் என் வயிறு இல்லை.

ஏரி பச்சையாக, அலையே இல்லாமல் கிடந்தது. அதில் கையை விட்டால் தோல் உரியும். கரையில் ஒரு பாறைக்குப் பின்னால் ஜாய்ரன் கடப்பாரையை ஊன்றினான்.

"இங்கதான் பாக். நேத்து காலைல கண்டுபிடிச்சேன். கூடை, செருப்பு, மோதிரம். ஏரி ஆளத் தின்னுட்டு மோதிரத்தத் துப்பியிருக்கு."

வீர்யோ சட்டைப் பையிலிருந்து, நேற்று பிரஸ்தோவோ கொடுத்திருந்த அந்த மோதிரத்தை எடுத்தார். வெள்ளி. உள்பக்கம் மிஸ்னாடி, துமினா என்று இரண்டு பெயர்கள். கல்யாண மோதிரம். அதை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தார்.

"ஜாய்ரன், ரெண்டையும் பாரு. எது பளபளன்னு இருக்கு?"

"மோதிரம்."

"என்னது?" என்று நான் தோட்டைக் கழற்றிப் பார்த்தேன். காலையில் நிலா மாதிரி இருந்த தோடு, கடுந்தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீர்யோவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இந்தக் காத்துக்கு வெள்ளின்னா உயிர். ஒரே மணி நேரத்துல இவ தோடு இந்தக் கதி. திங்கக்கிழமைலருந்து இங்கயே கிடந்த மோதிரம் கரிக்கட்டையா இருக்கணுமே! அதுவும் அவன் பதினோரு வருஷமா இதப் போட்டுக்கிட்டு இறங்கினவன். அப்ப யாரோ இத நல்லாத் தேச்சுக் கழுவி, முந்தாநேத்து சாயங்காலமோ நேத்து விடியறப்பவோ கொண்டுவந்து வெச்சிருக்காங்க. ஏரில விழப்போறவன் மோதிரத்துக்கு மெருகு போட்டுட்டு விழுவானா?"

ஜாய்ரன் மோதிரத்தைப் பார்த்தான், வீர்யோவைப் பார்த்தான். "அப்ப உசுரோட இருக்கானா?"

"இருக்கலாம். நிறைய வாய்ப்பு இருக்கு."

"எங்க?"

"அதத்தான் கண்டுபிடிக்கப்போறேன்."

அவன் கடப்பாரையைத் தோள் மாற்றிக்கொண்டு, எங்களுக்காகக் காத்திராமல் மேலே ஏறினான். விளிம்பில்தான் போன் பேச முடியும்.

"பாக், கூட வேலை செஞ்சவன் உயிரோட இருக்கான்னு கேட்டா மனுஷன் சிரிப்பான், இல்ல அழுவான். இந்த ஆளு ரெண்டும் செய்யலையே" என்றேன்.

"அதிர்ச்சிம்மா" என்றார் வீர்யோ. அவர் மோதிரத்தை மோந்துகொண்டிருந்தார். "எலுமிச்சை வாசனை வருது. எழுத்து இடுக்குல இன்னும் ஒட்டியிருக்கு."

"இது சூரோ மாசம் பாக். ஊரே கத்தி, கிண்ணம், மோதிரம் எல்லாத்தையும் எலுமிச்சை போட்டுக் கழுவுது. எந்த வீட்டு எலுமிச்சைன்னு கண்டுபிடிக்க உங்க மூக்கு பத்தாது."

"கல்யாண மோதிரம் எந்த வீட்டுல கழுவப்படும், நூனிக்?"

மிஸ்னாடியின் வீட்டுக்குப் போனோம்.

*

வீடு மலையின் வெளிச்சரிவில், முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவில் இருந்தது. துமினாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முக்காடு சரியாக இருந்தது, முகம் சரியாக இல்லை. கசடு மிதக்கும் காப்பியை எங்கள் முன் வைத்துவிட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம், திங்கட்கிழமை போனார். இல்லை, சண்டை எதுவும் இல்லை. ஆமாம், மலை எடுத்துக்கொண்டது.

"மோதிரத்த எப்பவும் கைல போட்டிருப்பாரா, பூ துமினா?" என்று வீர்யோ கேட்டார். பாக் போல பூ, அம்மா என்கிற மரியாதை.

"எப்பவும்."

வீர்யோவின் கண் ஜன்னலுக்குப் போய்விட்டது. ஜன்னல் கட்டையில் ஒரு பீங்கான் தட்டு. அதில் வரிசையாக ஐந்து ஊசிகள், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். கந்தகம்தான். முதல் நான்கும் சாக்கட்டி மாதிரி மங்கிய மஞ்சள். ஐந்தாவது மட்டும் தேன் நிறத்தில், உள்ளே வெளிச்சம் புகுந்து மறுபக்கம் வரும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"அழகா இருக்கே" என்றார்.

"அவர் எப்பவோ கொண்டுவந்தது. அழகுக்கு வெச்சிருக்கேன்."

"எப்பவோ கொண்டுவந்திருந்தா அஞ்சும் மங்கியிருக்கணுமே, பூ." வீர்யோ தட்டைத் தொடவில்லை, பக்கத்தில் மண்டியிட்டுப் பேசினார், குரலும் இறங்கிவிட்டது. "கொதிக்கற சூட்டுல, காத்தடிக்காத மூடின இடத்துலதான் கந்தகம் இப்படி ஊசியா வளரும். வெளில எடுத்துட்டா அதோட ஆயுசு ஒரு நாள். அதுக்குள்ள உள்ளுக்குள்ளயே உதிர்ந்து மங்கிப்போயிடும். இந்த நாலும் பழசு. இந்த அஞ்சாவது இன்னிக்குக் காலைல பறிச்சது. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னா நாள் கணக்கு சரியா இருக்கு. உங்க வீட்டுக்காரர் தினம் ஒண்ணு குடுத்து அனுப்பறார். நான் இன்னும் உயிரோட இருக்கேன்னு சொல்றார்."

துமினா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து அவர் எதிரில் நின்றாள்.

"இத எத்தன பேர்கிட்ட சொன்னீங்க?"

"ஊசியப் பத்தி யார்கிட்டயும் சொல்லல."

"அவர் உசுரோட இருக்கார்னு?"

நான்தான் சொன்னேன். "ஜாய்ரன்கிட்ட."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எல்லாமே வெளியே வந்தது, அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில்.

மலைக் கண்காணிப்பு நிலையத்தில் பக்தியார் என்று ஓர் இளைஞன் இருந்தான். பள்ளத்தில் ஐந்தாம் குழாய்க்குப் பக்கத்து வெடிப்பில் ஒரு வெப்பக்கம்பியைச் செருகி வைத்திருந்தான். சூடு எவ்வளவு என்று அது சொல்லும். ஒரு மாதமாகச் சூடு ஏறிக்கொண்டே போனது. அந்தக் குழாயில் வடிவது முழுக்கக் கறுத்தால் வெடிக்கும் என்றான். பள்ளத்தை மூட வேண்டும், ஆட்களை இறக்கக் கூடாது என்று பிரஸ்தோவோவிடம் மன்றாடினான். சுமைக்காரர்களிடமும் கெஞ்சினான், யார் கேட்பார்கள், இறங்காவிட்டால் அடுப்பு எரியாது. ஒரு நாள் கம்பி திடீரென்று குறைந்த சூட்டைக் காட்டியது. போய்ப் பார்த்தால் யாரோ அதைப் பிடுங்கி, ஆறிப்போன வேறொரு வெடிப்பில் செருகியிருந்தார்கள். மேலிடத்துக்கு எழுதப்போகிறேன் என்று பக்தியார் சொன்னான். மறுநாள், நச்சாவி தேங்கும் ஒரு குழியில் மயங்கி விழுந்து செத்துப்போனதாக எடுத்துவந்தார்கள்.

"விழல" என்றாள் துமினா. "ஜாய்ரன் பின்னால இருந்து அடிச்சான். பிரஸ்தோவோ காலப் பிடிச்சுக்கிட்டார். ரெண்டு பேருமா தூக்கிக் குழில படுக்க வெச்சத எங்க வீட்டுக்காரர் பாத்துட்டார். அவர் பாத்தது அவங்களுக்குத் திங்கக்கிழமைதான் தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி எல்லாரும் போனதும் ஏறி வந்து, விளிம்புக்கு அந்தப் பக்கம் இருக்கற, சூடு குமுறற பழைய டச்சுக்காரன் சுரங்கத்துல ஒளிஞ்சுக்கிட்டார். நான் வாசல்ல சோத்த வெச்சுட்டு, அவர் வெச்சிருக்கற ஊசிய எடுத்துட்டு வந்துடுவேன். செத்துட்டார்னு நம்பிட்டா தேட மாட்டாங்கன்னு நானேதான் கூடையும் மோதிரமும் கொண்டுபோய் வெச்சேன்."

"எல்லாம் சரி பூ, மோதிரத்த எதுக்குக் கழுவினீங்க?" என்று கேட்டேன். "அது ஒண்ணுதானே மாட்டிவிட்டுது?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், நான் எந்த ஊர்ப் பெண் என்பதுபோல. "மலைக்குக் குடுக்கற பொருள அழுக்கோட குடுப்பாங்களா?"

"அது பொய்ச் சாட்சிக்கு வெச்சது!"

"பொய்க்கோ நெசத்துக்கோ, வெக்கறது மலையோட மடியில இல்ல?"

என் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள். யோசித்துப் பார்த்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

வீர்யோ காப்பியைத் தொடவில்லை. இத்தனை வருடத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. "காணாமப்போனவனக் கண்டுபிடிக்க என்னைக் கூப்பிடலை, நூனிக். வேட்டைக்கு மோப்பம் பிடிக்கக் கூப்பிட்டிருக்கான். நானும் வாலை ஆட்டிக்கிட்டு வந்து மோப்பம் பிடிச்சுக் குடுத்துட்டேன்."

"இப்பத் திட்டிக்க நேரமில்ல பாக். போலீஸ்?"

"கீழ டவுன்லருந்து வர மூணு மணி நேரம். விளிம்புக்குப் போனதும் போன் பண்றேன். அந்த மூணு மணி நேரம் அவன் செத்தவனாவே இருக்கணும்." அவர் துமினாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சுரங்கத்துக்குப் போங்க. என்ன சத்தம் கேட்டாலும் அவர வெளில விடாதீங்க."

*

விளிம்பில் எண்பது பேரும் அப்படியே இருந்தார்கள். வீர்யோ ஒதுங்கிப் போய்ப் போலீசுக்குப் பேசினார். கீழே, ஏரிக்கரையில், ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. ஜாய்ரன் பேசிய போன் வேலை செய்திருந்தது. பிரஸ்தோவோ தானே வந்துவிட்டார்.

இறங்கிப் போனோம். ஐந்தாம் குழாயைத் தாண்டும்போது சொட்டியது இன்னும் கறுத்திருந்தது.

"பாக் வீர்யோ!" பிரஸ்தோவோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "உசுரோட இருக்கான்னு சொன்னீங்களாமே! வயித்துல பால வாத்தீங்க. எங்க இருக்கான் சொல்லுங்க, நானே போய் அணைச்சுக் கூட்டிட்டு வரேன்."

அவருக்குப் பின்னால் ஜாய்ரன் கடப்பாரையின் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றான்.

"நான் தப்பா சொல்லிட்டேன்" என்றார் வீர்யோ.

நான் ஏரியில் விழாமல் சமாளித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடமாக அவர் வாயிலிருந்து வராத வாக்கியம் அது.

பிரஸ்தோவோவின் கை பாதியில் நின்றது. "தப்பா?"

"மோதிரம் பளபளன்னு இருந்தா யாரோ கழுவியிருக்காங்கன்னு சொன்னேன். யார் கழுவினதுன்னு யோசிக்கல. நூனிக், உன் தோட்டக் குடு."

அது இதற்குள் சுத்தமாகக் கறுத்துவிட்டிருந்தது. கொடுத்தேன். வீர்யோ என் தோளிலிருந்த பையில் கையை விட்டு எங்கள் மத்தியானச் சோற்றுத் தூக்கை எடுத்தார். அலுமினியத் தூக்கு. உள்ளே இருந்த சோற்றையும் தெம்பே வறுவலையும் ஒரு பாறை மேல் கவிழ்த்தார்.

"பாக், அது என் சோறும்தான்!"

"கைல வேற பாத்திரம் இல்லயே. ஜாய்ரன், ஏரித் தண்ணி கொஞ்சம் மொண்டு இதுல ஊத்து. பாத்து, கைல படாம."

ஜாய்ரன் நீளக் கழியில் கட்டிய டப்பாவால் மொண்டு ஊற்றினான். தூக்குக்குள் தண்ணீர் சீறி நுரைத்தது. வீர்யோ தோட்டை அதில் போட்டார். நான்கு பேரும் குனிந்து பார்த்தோம். கறுப்பு முதலில் பழுப்பானது, பிறகு மஞ்சளானது, பிறகு காணாமலே போனது. ஒரு குச்சியால் அவர் அதை வெளியே எடுத்தபோது என் தோடு கடையில் வாங்கிய அன்று இருந்ததைவிடப் பளிச்சென்றிருந்தது.

"பாத்துக்கோங்க" என்றார் வீர்யோ. "ஏரிதான் கழுவியிருக்கு. மோதிரம் விரலோட உள்ள போயிருக்கு. விரல் கரைஞ்சுபோச்சு, மோதிரம் வெளுத்துப்போச்சு, அலை கொண்டுவந்து ஒதுக்கியிருக்கு. ஜாய்ரன் மொதல்லயே சரியாத்தான் சொன்னான். படிச்ச கர்வத்துல நான் உளறிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

பிரஸ்தோவோ மூச்சு விட்டார். நீளமான மூச்சு. தம்பி மாதிரி என்று சொன்ன ஆள் செத்தது உறுதியான பிறகு ஒரு மனிதன் அப்படி நிம்மதியாக மூச்சு விட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"பாவம், விதி" என்றார். "எழுதிக் குடுத்துடுங்க, பாக்."

வீர்யோ எழுதினார். மிஸ்னாடி என்பவர் ஏரியில் விழுந்து இறந்தார். தேதி, கையெழுத்து. பிரஸ்தோவோ அதை இரண்டு தடவை படித்தார்.

பாதி ஏற்றம் வந்ததும் நான் கிசுகிசுத்தேன். "நெஜமாவே ஏரியா கழுவிச்சு?"

"தூக்கு கழுவிச்சு. அலுமினியமும் புளிப்புத் தண்ணியும் சேந்தா கறுத்த வெள்ளி வெளுத்துடும். கண்ணாடிக் கிளாஸ்ல போட்டிருந்தா உன் தோடு கரியாவேதான் கிடந்திருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. கீழேயிருந்து பிரஸ்தோவோ கைஒலிபெருக்கியில் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

"மலை எடுத்துக்கிட்டது மிஸ்னாடியத்தான்! பாக் வீர்யோ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார்! விஷயம் முடிஞ்சுது, எல்லாரும் எறங்குங்க!"

"இல்ல, மொதல்ல தொழுகை நடத்துவாங்க. ஒரு சாவு உறுதியானா அன்னிக்கு எறங்க மாட்டாங்க" என்றார் வீர்யோ, தனக்குத்தானே.

நடத்தினார்கள். நின்ற இடத்திலேயே கையை ஏந்தி, கண்ணை மூடி, ஒரு நிமிடம். ஐந்து நாள் கூலியில்லாத வயிறு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கூடை தொங்கும் காவடிகள் தோளுக்கு ஏறின. வரிசையாக இறங்க ஆரம்பித்தார்கள், எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"இன்னிக்கு வேணாம்" என்று வீர்யோ முதல் ஆளின் கையைப் பிடித்தார். "நாளைக்கு எறங்குங்க."

"நீங்கதானே பாக் எழுதிக் குடுத்தீங்க?" என்று அந்த ஆள் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டு போனார்.

அடுத்தவர், அடுத்தவர். எல்லோருக்கும் வீர்யோவின் மேல் நம்பிக்கை. அதுதான் கேடாகப் போயிற்று. ஜாய்ரன் இதற்குள் எங்கள் பின்னாலேயே ஏறி வந்து மூன்று அடி தள்ளி நின்றிருந்தான். ஐந்தாம் குழாயைக் காட்டினால் எப்பவும் இப்படித்தான் என்பான். பக்தியார் ஏன் செத்தான் என்று சொன்னால், அது உங்களுக்கு யார் சொன்னது என்பான். அதைப் பார்த்தது ஒரே ஆள்தான். சொன்னால் மிஸ்னாடி போனான். சொல்லாவிட்டால் எண்பது பேர். இதற்குள் முப்பது பேர் தரைக்குப் போய்விட்டார்கள். ஐந்தாம் குழாய் அடியோடு கறுத்துவிட்டது. சொட்டுவது நின்று சீறல் கேட்டது. என் செருப்புக்கடியில் பாதை நடுங்கியது.

வீர்யோ ஜாய்ரனைப் பார்த்துத் திரும்பினார், வாயைத் திறந்தார். மிஸ்னாடியைக் காட்டிக்கொடுக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கு வேறு வழியே இல்லை. பாவி மனுஷன், அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"ஏறுங்கடா!"

குரல் மேலேயிருந்து வந்தது. விளிம்புக்கு அந்தப் பக்கத்து முகட்டில் ஒருவன் நின்றான். தலை முதல் கால் வரை கந்தகப் பொடி அப்பி, மஞ்சளாக. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு பெண் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாம் குழா கறுத்துப்போச்சு! வெடிக்கப்போகுது! கூடையப் போட்டுட்டு ஏறுங்கடா!"

எண்பது தலைகளும் நிமிர்ந்தன. அவனுக்காகத் தொழுது முடித்து இன்னும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒருவர் சத்தமாக இறைவன் பெயரைச் சொன்னார். அடுத்த நொடி கூடைகள் உருண்டன. செத்தாலும் சுமையைக் கீழே போடாதவர்கள் இவர்கள். காவடியை வீசிவிட்டு, ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு மேலே ஓடினார்கள். உயிரோடிருந்த பக்தியார் ஒரு மாதம் கெஞ்சியபோது ஒருவரும் கேட்கவில்லை. செத்தவன் ஒரு தடவை கத்தியதும் எண்பது பேரும் கேட்டார்கள். எங்களையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் ஓடியவன் ஜாய்ரன்தான். பேய் என்றால் அவனுக்கு அவ்வளவு பயம், காரணமும் இருந்தது.

நாங்கள் விளிம்பைத் தொட்டபோது குழாய் பிடுங்கிக்கொண்டது. பெரிய சத்தம் எதுவும் இல்லை, ஒரு பெருமூச்சுதான். வெள்ளை ஆவி பொங்கி, ஏரியை மூடி, பாதையை மூடி ஏறியது. ஆட்கள் மூச்சிரைக்கத் தலைகளை எண்ணினார்கள். எண்பதும் இருந்தது. ஜாய்ரனும் இருந்தான், அவனை விடாதீங்க என்று வீர்யோ கத்தியதால் நாலு பேர் அவன் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரே ஓர் ஆள் வரவில்லை. கீழே, வெள்ளைக்குள், ஒலிபெருக்கியில் யாரோ இருமுவது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மிஸ்னாடி விளிம்புக்கு வந்து சேர்ந்திருந்தான். அவனைத் தொட்டுப் பார்க்கவே நிறையப் பேருக்குத் தைரியம் இல்லை. அவன் யாரிடமோ தண்ணீர் வாங்கித் துணியை நனைத்தான்.

"எங்க போற?" துமினா அவன் முன்னால் போய் நின்றாள். "அவன் ஒன்னைக் கொல்லத் தேடினவன்."

"அவரு உள்ளயே செத்துட்டா, பக்தியார் குழில மயங்கி விழுந்தவனாவே போயிடுவான். அந்தப் பையனோட அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"நீ பாத்தேல்ல, நீ சொல்லு!"

"நான் சுமக்கறவன். நான் சொன்னா யாரு கேப்பா?"

துணியை வாயில் கவ்விக்கொண்டு அவன் இறங்கினான். துமினா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அஞ்சு நாள் இந்த ஆளுக்கா சோறு சொமந்தேன்" என்றாள் என்னிடம். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். வீர்யோ விளிம்பில் நின்று வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது. அவர் தொழுது நான் பார்த்தது அன்றுதான்.

முதலில் மஞ்சளாக ஒரு தலை தெரிந்தது. எழுபது கிலோ கந்தகம் சுமக்கும் அதே நடையில், அளந்து அளந்து, தோளில் ஒரு வெள்ளைச் சட்டையோடு மேலே வந்தான். வந்து இறக்கினான். பிரஸ்தோவோவின் கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் மூச்சு இருந்தது. விரலிடுக்கில் வீர்யோ கையெழுத்துப் போட்ட தாள் கசங்கியிருந்தது. அவர் கண்ணைத் திறந்து, தனக்கு மேலே குனிந்திருந்த முகம் யாருடையது என்று பார்த்தார்.

எண்பது பேரும் நெருங்கி வந்து சுற்றி நின்றார்கள். மிஸ்னாடி வாயிலிருந்த துணியை எடுத்து, அவர் உதட்டைத் துடைத்துவிட்டான்.

"இப்ப சொல்லுங்க, பாக்" என்றான்.